ஊரில் ஒரு குடும்பத்துக்குத் துணை நிற்பது எப்படி? தருமபுரி இளைஞர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பென்னாகரம் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே தனியாக இருக்கும் ஓர் ஆயாவுக்கு மாதம் பத்து கிலோ அரிசி என்று இரண்டு மாதம் கொண்டுபோய்க் கொடுத்தோம். மூன்றாவது மாதம் மூட்டையை இறக்கி வைக்கும்போது கூட வந்த ஒரு தங்கச்சி கேட்டாள்: "ஏன் ஆயா, உங்களுக்கு ரேஷன் அரிசி வர்றதில்லையா?"

"வருது சாமி. கடை வரைக்கும் வருது. என் கைக்குத்தான் வரமாட்டேங்குது."

கையை நீட்டிக் காட்டினார். வருசக் கணக்காகப் புளி தட்டிக் கொட்டை எடுத்த கை. விரல் நுனியெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. மெஷினில் விரல் வைத்தால் ரேகை விழவில்லை. மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், நான்காவது முறை அவரே போகவில்லை. நாங்கள் கடையில் காசு கொடுத்து வாங்கித் தூக்கிக்கொண்டு போன அரிசி, அரசாங்கம் அவருக்கு இலவசமாகக் கொடுக்கவேண்டிய அரிசி. அதைக் கேட்டு வாங்கித் தர எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வயதானவர்கள் தம் சார்பில் இன்னொருவரை ரேஷன் பொருள் வாங்க அனுப்பலாம். அதற்கு வட்ட வழங்கல் அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுக்கவேண்டும். இரண்டு முறை பென்னாகரம் போய் வந்தோம். பக்கத்து வீட்டு அக்கா பெயரில் அனுமதி கிடைத்தது. அன்றிலிருந்து நாங்கள் அந்த வீட்டுக்கு அரிசி கொண்டுபோவதில்லை, சும்மா பேசிவிட்டு வரத்தான் போகிறோம்.

பொருள் கொடுப்பதைவிடக் கூடப் போய் வேலையை முடித்துக் கொடுப்பதில்தான் நம் வயசுப் பிள்ளைகளின் பலம் இருக்கிறது. நம்மிடம் பணம் கம்மி. ஆனால் வண்டி ஓட்டத் தெரியும், படிவம் நிரப்பத் தெரியும், ஆபீஸில் நின்று கேட்கத் தைரியம் இருக்கிறது, போனில் தேடிப் பார்க்கத் தெரியும். கஷ்டத்தில் இருக்கும் வீட்டில் பெரும்பாலும் இந்த நாலும்தான் இருக்காது. அந்த எண்ணத்தோடுதான் கீழே இருப்பதை எழுதியிருக்கிறேன்.

1. முதலில் குழு

ஐந்து பேர் போதும். ஏழு பேர் என்றால் நல்லது, பின்னால் சங்கமாகப் பதிவு செய்ய நினைத்தாலும் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி குறைந்தது 7 பேர் வேண்டும். ஐம்பது பேர் உள்ள வாட்ஸ்அப் குரூப்பால் ஒன்றும் ஆகாது. கூப்பிட்டால் வருகிற ஐந்து பேர்தான் கணக்கு.

குழுவில் குறைந்தது இரண்டு பெண்கள் இருந்தே ஆகவேண்டும். கணவன் பெங்களூரிலோ திருப்பூரிலோ வேலையில் இருக்க, பிள்ளைகளோடு தனியாக இருக்கும் அக்காவின் வீட்டுக்கு நாலு பையன்கள் பைக்கில் போய் இறங்கினால் உதவி வருவதற்கு முன் ஊர்ப்பேச்சு வந்துவிடும். அந்தப் பேச்சைத் தாங்கவேண்டியது அந்த அக்காதான். எந்த வீட்டுக்கும் தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராகப் போங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். 18 வயது ஆகாத தம்பி தங்கைகள் சேர வந்தால் அவர்களின் அப்பா அம்மாவிடம் நேரில் பேசிவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாலைப் பாடம், பொருள் பிரிப்பது போன்ற வேலைகளை அவர்களுக்குக் கொடுக்கலாம்.

இன்னொன்றையும் நேராகவே சொல்லவேண்டும். நம் ஊர்களில் ஊருக்கும் காலனிக்கும் நடுவில் ஒரு ரோடு ஓடும். குழு அந்த ரோட்டுக்கு ஒரே பக்கத்துப் பிள்ளைகளால் ஆனதாக இருந்தால், எதிர்ப்பக்கத்து வீடுகளின் கஷ்டம் உங்கள் காதுக்கு வரவே வராது. வந்தாலும், கொடுப்பவர் ஒரு பக்கம், வாங்குபவர் ஒரு பக்கம் என்று அது வேறு மாதிரி ஆகிவிடும். எங்கள் குழு முதல் வருடம் அப்படித்தான் இருந்தது, அதை மாற்ற நாங்கள்தான் போய்க் கேட்டோம். இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் சேர்த்துவிட்டுத் தொடங்குங்கள். இதற்காக ஒரு மாதம் தாமதமானாலும் பரவாயில்லை.

கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் சேவை கணக்கு உண்டு. அந்த நேரத்தை உங்கள் ஊரிலேயே செலவிட முடியுமா என்று திட்ட அலுவலராக இருக்கும் பேராசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

2. எந்த வீடு?

கஷ்டத்தை வெளியே சொல்கிற வீடு ஊரில் எல்லோருக்கும் தெரியும். சொல்லாத வீட்டைத்தான் தேடவேண்டும். யாரிடம் கேட்பது?

அங்கன்வாடி அக்காவுக்கு எந்தக் குழந்தைக்கு எடை ஏறவில்லை என்று தெரியும். கிராம சுகாதார செவிலியருக்கு எந்த வீட்டுக் கர்ப்பிணி செக்கப்புக்கு வரவில்லை என்று தெரியும். பள்ளித் தலைமை ஆசிரியருக்கு எந்தப் பிள்ளை திடீரென்று நின்றுபோனது என்று தெரியும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கிறார்களே, அவர்களுக்குப் படுக்கையில் கிடப்பவர் யார் என்று தெரியும். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கியதே நம் பக்கத்து மாவட்டத்தில்தான், கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில்.

எல்லோரையும்விட நம்பிக்கையான ஆள் மகளிர் குழுவின் மூத்த அக்காமார். தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் முதன்முதலில் தொடங்கியது நம் தருமபுரி மாவட்டத்தில், 1989-இல். அப்போது இருபது வயதில் குழுவில் சேர்ந்தவர்கள் இன்று பாட்டிகள். எந்த வீட்டில் தவணை கட்ட முடியாமல் தாலிக்கொடியை அடகு வைத்தார்கள் என்பது வரை அவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் "ஏழை வீடு எது அக்கா?" என்று கேட்காதீர்கள். "யாரு வீட்டுல இப்ப ரொம்ப முடியாம இருக்காங்க? நாங்க போனா சங்கடப்படுவாங்களா?" என்று கேளுங்கள். "நீ போகாதே, நானே கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லும் அக்கா ஒருவர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

தொடக்கத்தில் மூன்று குடும்பம் போதும். நாங்கள் முதல் மாதமே பதினெட்டு வீட்டுப் பெயர் எழுதினோம். ஆறு வீட்டுக்கு மேல் இரண்டாவது முறை போக முடியவில்லை. மற்ற பன்னிரண்டு வீட்டிலும் ஆசை காட்டிவிட்டுப் போகாமல் இருந்துவிட்டோம். அந்த வீடுகளில் இரண்டு இன்றும் எங்களைப் பார்த்தால் சரியாகப் பேசுவதில்லை, அவர்கள் மேல் தப்பில்லை.

3. முதல் முறை வீட்டுக்குப் போவது

இந்தப் படியில் அவசரப்பட்டால் பின்னால் எதுவும் சரியாக நடக்காது.

நேரம் பார்த்துப் போங்கள். நூறுநாள் வேலைக்கோ காட்டு வேலைக்கோ போனவர்கள் வந்து, முகம் கழுவி, அடுப்பு மூட்டுவதற்கு முன் ஒரு நேரம் இருக்கும். மாலை நாலரை, ஐந்து. வெளியூர் கட்டட வேலைக்குப் போகும் ஆண்கள் சனிக்கிழமை இரவு வந்து திங்கட்கிழமை விடிகாலை பஸ் ஏறிவிடுவார்கள். அவர்களையும் வைத்துப் பேசவேண்டும் என்றால் ஞாயிறு மட்டும்தான்.

கையில் நோட்டு வேண்டாம், போன் பையில் இருக்கட்டும். செருப்பை வெளியே விடுங்கள். அவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்களோ அங்கேயே உட்காருங்கள். நமக்கு மட்டும் நாற்காலி போட்டால் "வேண்டாங்க்கா, இப்படியே உக்காந்துக்கறோம்" என்று திண்ணையிலோ தரையிலோ உட்காரலாம். தண்ணீர் கொடுத்தால் குடியுங்கள். டீ போட்டால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நம்மிடம் வாங்கிக்கொள்ளப் போகிறவர்கள் நமக்கு ஒன்று கொடுத்துவிட்டால் அவர்கள் மனசு கொஞ்சம் லேசாகும். நாம் வாய் வைக்காமல் வந்தால் அது அவர்களுக்கு வேறு அர்த்தமாகப் படும், நம் ஊரில் அது என்ன அர்த்தம் என்று சொல்லவேண்டியதில்லை.

"உங்களுக்கு என்ன உதவி வேணும்?" என்று எடுத்தவுடன் கேட்டால் "ஒண்ணும் வேணாம்ப்பா, நல்லாத்தான் இருக்கோம்" என்றுதான் பதில் வரும். பிள்ளை எந்தப் பள்ளி, எந்த பஸ்ஸில் போகிறது, ஆடு எத்தனை, இந்த வருசம் மழை எப்படி, ராகி போட்டார்களா என்று பேச்சைத் தொடங்குங்கள். "மாமா எப்ப வருவார்?" என்று கேட்டால், மாமா நாலு மாதமாக வரவில்லை என்பது தானாக வெளியே வரும்.

பேசும்போது கண்ணில் படுவதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் அடுப்பு இருக்கிறது, ஆனால் வெளியே கல் அடுப்பில் கரி புதிதாக இருக்கிறதா? அப்படியென்றால் சிலிண்டர் வாங்கக் காசில்லை. மாத்திரை அட்டை பாதியில் நிற்கிறதா? பள்ளி நாளில் பிள்ளை வீட்டில் இருக்கிறதா? பிள்ளையின் பல்லில் பழுப்புக் கோடு இருக்கிறதா?

இந்தப் பல் விஷயத்தைச் சாதாரணமாக விடக்கூடாது. நம் மாவட்டத்திலும் கிருஷ்ணகிரியிலும் நிலத்தடி நீரில், பல்லைக் கறையாக்கும் ஃப்ளோரைடு அதிகம். அதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஆனாலும் குழாயில் தண்ணீர் வராத நாளில் போர்த் தண்ணீரைப் பிடித்துக் குடிக்கும் வீடுகள் உண்டு. "நல்லாக் கொதிக்க வெச்சுத்தான் குடிக்கிறோம்" என்பார்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் போர்த் தண்ணீர், குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீர் என்று பிரித்து வைக்கச் சொல்லுங்கள். பிடித்து வைக்கக் குடம் போதவில்லை என்றால் மூடி போட்ட இரண்டு குடம் வாங்கிக் கொடுங்கள். எங்கள் குழு செலவழித்த பணத்தில் எனக்கு மிகவும் நிறைவு தந்தது அந்தக் குடங்கள்தான்.

முதல் நாள் எந்த வாக்கும் கொடுக்காதீர்கள். "பென்ஷன் வாங்கித் தர்றோம்" என்று சொல்லாதீர்கள். "கேட்டுப் பாத்துட்டு வர்ற ஞாயித்துக்கெழமை வந்து சொல்றோம்" என்று சொல்லுங்கள். சொன்ன ஞாயிற்றுக்கிழமை, விசாரித்தும் ஒன்றும் தெரியாமல் போனாலும், போய் நில்லுங்கள்.

4. ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம்

இரண்டாவது முறை போகும்போது நோட்டு எடுத்துப் போகலாம். அவர்களிடம் கேட்டுவிட்டு, அவர்கள் கண்முன்னே எழுதுங்கள். வீட்டில் யார் யார், வயது, யாருக்கு என்ன நோய், யார் சம்பாதிப்பது, எவ்வளவு கடன், என்னென்ன அட்டைகள் இருக்கின்றன, எதில் பெயர் எப்படி இருக்கிறது. கடைசி வரியில், இந்த வீட்டுக்கு முதலில் செய்யவேண்டியது எது என்பதை அவர்கள் வாயால் கேட்டு எழுதுங்கள். நமக்கு ஒழுகும் கூரை பெரிதாகத் தெரியும். அவர்களுக்குப் பெண்ணின் கல்லூரிக் கட்டணம் பெரிதாக இருக்கலாம். அவர்கள் சொன்னதுதான் முதலில்.

ஆதார், வங்கிப் புத்தகம் எதையும் போட்டோ எடுத்து குரூப்பில் போடாதீர்கள். தேவைப்பட்டால் ஒருவர் போனில் மட்டும் வைத்து, வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். ஓடிபி யார் கேட்டாலும் சொல்லக்கூடாது என்பதை, நம்மையும் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள்.

5. காகித வேலை

மலைப்பாக இருப்பது இதுதான், உண்மையான பலன் இருப்பதும் இதில்தான்.

எங்கேயிருந்து தொடங்குவது? பெயர். ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர். முதலெழுத்து கணவருடையதா அப்பாவுடையதா என்ற ஒரு குழப்பத்தில் நின்றுபோன மனுக்களை நிறையப் பார்த்துவிட்டேன். எந்த விண்ணப்பமும் போடும் முன் எல்லா அட்டையையும் பாயில் வரிசையாக வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள்.

அடுத்து வங்கிக் கணக்கு. மகளிர் உரிமைத்தொகைக்கான விண்ணப்பப் பதிவை முதலமைச்சர் தொடங்கிவைத்தது நம் தொப்பூரில்தான், 2023 ஜூலை 24-இல். அந்தப் பணம் வரவில்லை என்று சொன்ன ஓர் அக்காவோடு வங்கிக்குப் போனோம். பணம் வந்துகொண்டுதான் இருந்தது, அவர் மறந்தே போன ஒரு பழைய கணக்குக்கு. ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று வங்கியில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அதன்பிறகு அந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆதரவற்ற முதியவர், கணவரை இழந்தவர், மாற்றுத்திறனாளி என்றால் மாத ஓய்வூதியம் உண்டு. முதியோர் ஓய்வூதியம் 2023-இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்ந்தது. வீட்டு வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை. இதை நோய் வருவதற்கு முன்பே எடுத்து வைக்கவேண்டும், ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு வருமானச் சான்றுக்கு ஓடுவது பெரும்பாடு. அப்பா அம்மா இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் மாதம் 2,000 ரூபாய் தரும் அன்புக்கரங்கள் திட்டம் 2025 செப்டம்பரில் தொடங்கியது. வயதானவர்களும் மாற்றுத்திறனாளிகளும் மட்டுமே உள்ள வீடுகளுக்கு ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் அதே ஆண்டு ஆகஸ்டில் வந்தது. இவற்றின் விதிகளும் தொகையும் மாறிக்கொண்டே இருக்கும், மனு எழுதுகிற வாரம் ஈ-சேவை மையத்திலோ கிராம நிர்வாக அலுவலரிடமோ ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

சித்தேரி, வத்தல்மலை போன்ற மலை ஊர்களில் வேலை செய்தால் ஒன்று நினைவிருக்கட்டும்: பழங்குடிச் சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் வழங்குவதில்லை, கோட்டாட்சியர்தான் வழங்குவார். மலையிலிருந்து இறங்கி வர ஒரு நாள் கூலி போகும். எந்த ஆபீஸ், என்னென்ன தாள் என்று தெரியாமல் இறங்கக்கூடாது.

நம் மாவட்டத்தில் அடிக்கடி வருகிற ஒரு சிக்கலை விரிவாகச் சொல்கிறேன். பாலக்கோடு பக்கம் ஒரு குடும்பம். கணவர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் மேலிருந்து விழுந்து இறந்துவிட்டார். மேஸ்திரி கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, உடலை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். ஊரில் அடக்கம் முடிந்தது. இரண்டு பிள்ளைகளோடு அந்த அக்கா ஓய்வூதியத்துக்கு மனு கொடுக்கப் போனபோது இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். இங்கே பதிவு செய்யக் கேட்டார், முடியாது என்றார்கள். இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு, அதுதான் சட்டம். 21 நாளுக்குள் என்றால் எளிது, அதன்பின் சுற்று அதிகம்.

எங்களில் இரண்டு பேர் அக்காவின் தம்பியோடு பெங்களூர் போனார்கள். எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்பதை அவரோடு வேலை செய்தவரிடம் கேட்டுப் பிடித்து, அங்கிருந்து பதிவு அலுவலகத்துக்கு. மூன்று முறை போக வேண்டியிருந்தது. சான்றிதழ் கைக்கு வந்தபோது இறந்தவரின் அப்பா பெயரின் முதலெழுத்து தப்பாக இருந்தது, மறுபடியும் திருத்தம். அதன்பிறகுதான் இங்கே வாரிசுச் சான்று, ஓய்வூதியம், ரேஷன் கார்டில் பெயர் நீக்கம் எல்லாம். ஏழு மாதம் ஆனது. நாங்கள் அவர்களுக்குக் கொடுத்த பொருள் மொத்தமே இரண்டு முறைதான்.

அதிலும் ஒரு விஷயத்தைத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டோம். வேலையிடத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு தரவேண்டியது முதலாளியின் கடமை. 1923 முதலே இதற்குச் சட்டம் இருக்கிறது. வேறு மாநிலத்தில் இறந்திருந்தாலும் குடும்பம் வசிக்கும் இடத்திலேயே கேட்க வழி உண்டு. ஆனால் காலக்கெடுவும் உண்டு. எங்களுக்கு நல்லவேளையாக நாள் மிச்சம் இருந்தது. இப்படி ஒரு சாவு உங்கள் ஊரில் நடந்தால் காரியம் முடிந்த வாரமே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குக் கூட்டிப்போங்கள். நீதிமன்ற வளாகத்தில் இருக்கும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருவார்கள். தொலைபேசி 15100. அதோடு மேஸ்திரி பெயர், கட்டடம் இருக்கும் இடம், கூட இருந்தவர்களின் எண் மூன்றையும் அன்றே எழுதி வையுங்கள். ஆறு மாதம் போனால் யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.

மனு கொடுக்கும்போது எப்போதும் இரண்டு நகல். ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். இணையத்தில் போட்டால் ஒப்புகைச் சீட்டின் எண்ணை நோட்டில் எழுதுங்கள். நகர்ந்தபாடில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போகலாம், முதல்வரின் உதவி மைய எண் 1100-க்கு அழைக்கலாம். மனுவை நீங்கள் எழுதலாம், ஆனால் பேசவேண்டியது அந்த வீட்டுக்காரர். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். அடுத்த முறை அவர் தனியாகவே போவார்.

"ஐந்நூறு கொடு, முடிச்சுத் தர்றேன்" என்று வாசலில் ஒருவர் வருவார். குடும்பம் கொடுக்கச் சம்மதித்தாலும் நீங்கள் தடுங்கள். ஒருமுறை கொடுத்தால் அடுத்த பத்து வீட்டுக்கும் அதுவே விலையாகிவிடும்.

6. பொருள் கொடுக்கவேண்டிய நேரம்

அடுப்பே எரியாத வீட்டில் உட்கார்ந்து படிவம் பேசக்கூடாது. சாவு, விபத்து, மழையில் சுவர் இடிந்தது, பிரசவம் என்றால் உடனே பொருள்தான்.

ரேஷன் அரிசி வாங்கும் வீட்டுக்கு மறுபடியும் அரிசி மூட்டை எதற்கு? ராகி மாவு, துவரம்பருப்பு, கடலை எண்ணெய், மிளகாய்த்தூள், டீத்தூள், வெல்லம், குளிக்கிற சோப்பு, துணி சோப்பு, நாப்கின் இவைதான் தீர்ந்துபோயிருக்கும். நாப்கினை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், குழுவில் உள்ள பெண்கள் தனிப்பையில் போட்டுக் கொடுக்கட்டும். முடிந்தவரை அந்த ஊர் மளிகைக் கடையிலேயே வாங்குங்கள். அந்தக் கடைக்காரர்தான் மற்ற நாளில் அவர்களுக்குக் கடன் கொடுப்பவர்.

போட்டோ வேண்டாம். 2020 ஊரடங்கில் நாங்கள் மூட்டை கொடுக்கும்போது வரிசையாக நிற்கவைத்து எடுத்து ஸ்டேட்டஸில் போட்டோம். அதில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். படத்தில் அது தெளிவாகத் தெரியும். அன்று எங்களில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. மறுநாள் அவள் அண்ணன் வந்து, "அந்த போட்டோவ எடுத்துடுங்கண்ணா, பள்ளிக்கூடத்துப் பசங்க எல்லாம் பாத்துட்டாங்க" என்றான். எடுத்துவிட்டோம், ஆனால் அந்தப் பெண் எங்களைப் பார்த்தால் இன்றும் வேறு தெருவில் திரும்பிவிடுகிறாள். பணம் தந்தவர்களுக்குக் காட்டவேண்டும் என்றால் கடை ரசீதை எடுத்து அனுப்புங்கள். பொருளை இருட்டிய பிறகு, பையை மூடிக் கொண்டுபோங்கள்.

7. பிள்ளைகள்

மாலை ஆறு முதல் எட்டு வரை ஒரு திண்ணை, ஒரு நல்ல விளக்கு, பாடம் சொல்லித்தர ஒரு அண்ணன், ஒரு அக்கா. இது போதும், ஆனால் தினமும் நடக்கவேண்டும். வாரம் ஒரு நாள் மட்டும் நடத்தும் வகுப்பு ஆறு வாரத்தில் நின்றுவிடும்.

நம் மாவட்டத்தில் கண்ணை மூடக்கூடாத மாதம் மே. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்து, பெண் வீட்டில் இருக்கும் அந்த விடுமுறையில்தான் கல்யாணப் பேச்சு வரும். "படிக்க வைக்க முடியல, நல்ல எடம் வந்திருக்கு" என்பார்கள். அந்த வீட்டில் பணம்தான் தடை என்றால் உங்களால் செய்ய முடிவது நிறைய: முதல் பட்டதாரிச் சான்று, கல்வி உதவித்தொகை, அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், அரசுக் கல்லூரியில் சேரும் விண்ணப்பம். ஏப்ரலிலேயே அந்த வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

18 வயது ஆகாத பெண்ணுக்கு நாளே குறித்துவிட்டார்கள் என்றால் நீங்கள் போய்ச் சண்டை போடாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்துச் சொல்லுங்கள், அழைத்தவர் பெயரை வெளியிட மாட்டார்கள். பிள்ளையின் உடம்பில் காயம், பாலியல் தொல்லை என்று சந்தேகம் வந்தாலும் அதே எண்தான். நீங்களே விசாரணை நடத்தி, அந்தக் குழந்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள். வீட்டில் அடிபடும் பெண்களுக்கு 181. மனசு உடைந்து பேசுகிறவர்களுக்கு 14416. இந்த எண்களை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

8. ஆஸ்பத்திரி, ரத்தம், கடன், கணக்கு

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு முதல்முறை வருகிறவர் திணறித்தான் போவார். எந்தச் சீட்டு, எந்த வரிசை, காப்பீட்டு அலுவலகம் எங்கே என்று குழுவில் ஒருவர் தெரிந்து வைத்திருந்தால் போதும். கூட வருகிற ஆளுக்குச் சாப்பாடு, பஸ் காசு, ஒரு போர்வை இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். குழுவில் உள்ள எல்லோரின் ரத்த வகையையும் எழுதி வையுங்கள். 18 வயதும் 45 கிலோ எடையும் இருந்தால் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. இறந்துவிட்டால் உடலை ஊருக்குக் கொண்டுவர இலவச அமரர் ஊர்தி உண்டு, எண் 155377. அந்த நேரத்தில் தனியார் வண்டிக்காகக் கடன் வாங்கிய குடும்பம் அதைக் கட்டி முடிக்கப் பல மாதம் ஆவதைப் பார்த்திருக்கிறேன்.

கடன் அடைக்கப் பணமாகக் கையில் கொடுக்காதீர்கள். பள்ளிக் கட்டணம் பள்ளிக்கு, மருந்துக் காசு மருந்துக் கடைக்கு. கடன் தந்தவர்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து அவமானப்படுத்துகிறார்கள் என்றால், அதைத் தடுக்க 2025-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அந்தக் குடும்பத்தோடு காவல் நிலையத்துக்குப் போங்கள்.

வரவு செலவுக்கு ஒரு நோட்டு, இரண்டு பேர் கையெழுத்து. மாதக் கடைசியில் பணம் தந்த எல்லோருக்கும் கணக்கை அனுப்புங்கள், நாற்பது ரூபாய் பஸ் டிக்கெட் உட்பட. எந்தக் கட்சி, எந்தச் சங்கப் பெயரும் போட்ட பையில் பொருள் வாங்காதீர்கள். தேர்தல் நேரத்தில் உங்களைத் தேடி வருவார்கள், அந்த மாதங்களில் பொருள் கொடுப்பதையே நிறுத்திவிட்டு காகித வேலை மட்டும் பாருங்கள்.

9. சோர்வும் கோபமும்

நாலு முறை அலைந்து வாங்கித் தந்த பணத்தை அந்த வீட்டுக்காரர் டாஸ்மாக்கில் கொடுத்துவிட்டு வரும் நாள் வரும். அன்று கோபத்தில் அந்த வீட்டை விட்டுவிடாதீர்கள். அங்கே இன்னும் அந்த அக்காவும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். உங்களில் ஒருவருக்கு முடியவில்லை என்றால் இரண்டு மாதம் ஓய்வு கொடுத்து இன்னொருவரை அனுப்புங்கள். வேலைக்கோ படிப்புக்கோ வெளியூர் போகிறவர், தான் பார்த்த வீடுகளுக்கு அடுத்து வருகிறவரை நேரில் கூட்டிப்போய் அறிமுகம் செய்துவிட்டுப் போகவேண்டும். போனில் நம்பர் கொடுத்தால் போதாது.

ஒரு வீட்டின் வேலை முடிந்ததும் நோட்டில் அந்தப் பக்கத்தின் மேல்மூலையில் "முடிந்தது" என்று தேதியோடு எழுதுங்கள். அதற்குக் கீழே, ஆறு மாதம் கழித்து வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து வையுங்கள். அன்று ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறதா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, குடத்துக்கு மூடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வரவேண்டும்.